லூசன்டா, நார்டெலா?

1999-இல் ஒட்டாவாவில் நாலு தமிழர் கூடிய இடத்தில், வீட்டு விலையும் பனியும் பேசி முடிந்ததும் அடுத்து எழுந்த கேள்வி இதுதான்: லூசன்ட் பங்கு வாங்குவதா, நார்டெல் பங்கு வாங்குவதா? நான் ஊரின் மேற்கே கனாட்டாவில் ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணக்குப் பார்க்கிறவன் என்பதால் என்னிடம் கேட்பவர்கள் அதிகம். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க, இதுல எது ஜெயிக்கும்?" என்பார்கள்.

எது ஜெயிக்கும் என்பதற்குச் சரியான விடை அன்றைக்கே கிடைத்திருந்தது. அந்தச் சரியான விடையை நம்பி வாங்கியவர்கள் கையில் இருந்ததை எல்லாம் இழந்தார்கள். அதனால்தான் கால் நூற்றாண்டு கழித்தும் இந்த வரலாற்றை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டும் பெல் வம்சத்து நிறுவனங்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டிக்குத் தொலைபேசிக் கருவிகள் செய்துகொடுத்தது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக். கனடாவில் பெல் கனடாவுக்குச் செய்துகொடுத்தது நார்தர்ன் எலெக்ட்ரிக்; 1895-இல் தனி நிறுவனமாகப் பதிவானது. அதில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்குக்கும் பங்கு இருந்ததால், அமெரிக்காவில் வரைந்த வரைபடத்தை வாங்கி மான்ட்ரியலில் பொருளாகச் செய்தால் போதும் என்று பல பத்தாண்டுகள் ஓடின. 1956-இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்படி வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கனடாவிலிருந்து விலக வேண்டியதாயிற்று. இனி வரைபடம் வராது. சொந்தமாகக் கண்டுபிடித்தால்தான் பிழைப்பு. ஒட்டாவாவில் ஆய்வுக்கூடம் எழுந்ததும், பிறகு அது பெல்-நார்தர்ன் ரிசர்ச் ஆனதும் அந்த நெருக்கடியால்தான். ஒரு நகரமே தொலைத்தொடர்புப் பொறியியலைத் தொழிலாகக் கொண்டதற்கு வேர் அந்த வழக்கில் இருக்கிறது.

அந்த ஆய்வுக்கூடம் பொய்க்கவில்லை. 1976-இல் நார்தர்ன் டெலிகாம் என்றும் பின்னாளில் நார்டெல் என்றும் பெயர் மாறிய நிறுவனம், 1979-இல் டிஎம்எஸ்-100 என்ற டிஜிட்டல் இணைப்பகத்தைக் கொண்டுவந்தது. 1984-இல் ஏடி அண்ட் டி உடைந்து ஏழு வட்டாரத் தொலைபேசி நிறுவனங்கள் பிறந்தன. பழைய எஜமானின் தொழிற்சாலையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்குப் போயிற்று. கனடாக்காரர்கள் உள்ளே நுழைந்தது அப்போதுதான். இதற்கு விடை தேடித்தான் ஏடி அண்ட் டி 1996-இல் தன் கருவித் தொழிலைத் தனியே பிரித்து, பெல் ஆய்வகத்தையும் சேர்த்து லூசன்ட் என்று பெயரிட்டு 27 டாலருக்குப் பங்குச் சந்தையில் விட்டது. 300 கோடி டாலர் திரண்டது. அமெரிக்கச் சந்தை அதுவரை கண்ட புதுப் பங்கு வெளியீடுகளில் மிகப் பெரியது அது. மீதிப் பங்குகளை ஏடி அண்ட் டி தன் பங்குதாரர்களுக்கே பகிர்ந்து கொடுத்தது. வீட்டுத் தொலைபேசிக் கம்பெனியின் பங்கை ஈவுத்தொகைக்காக வைத்திருந்த முதியவர்களின் கையில், கேட்காமலே லூசன்ட் வந்து சேர்ந்தது. இதைப் பின்னால் சொல்லப்போவதற்காக நினைவில் வையுங்கள்.

போட்டி எங்கே தீர்ந்தது என்றால், கண்ணாடி இழையில். ஒரு இழை வழியாக நொடிக்கு எத்தனை பிட் அனுப்பலாம் என்பதுதான் தொண்ணூறுகளின் கேள்வி. நொடிக்கு 2.5 கிகாபிட் செல்லும் கருவி இருவரிடமும் இருந்தது. அடுத்த படி 10 கிகாபிட், பொறியாளர் வழக்கில் ஓசி-192. அதற்கு அவ்வளவு சீக்கிரம் தேவை வராது, 2.5 கிகாபிட்டையே பல நிறங்களில், பல அலைநீளங்களில் அனுப்பிக்கொள்ளலாம் என்று லூசன்ட் தலைமை கணக்கிட்டது. நார்டெல் 10 கிகாபிட்டின் மேல் பணத்தை வைத்து, தொண்ணூறுகளின் நடுவிலேயே கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1999-இல் இணைய முதுகெலும்பு அமைக்கிற நிறுவனங்கள் எல்லாம் 10 கிகாபிட் கேட்டு வரிசையில் நின்றபோது, அந்தச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கு நார்டெலிடம் இருந்தது.

2000 ஜனவரி 6-ஆம் தேதி லூசன்ட் வாய் திறந்தது. காலாண்டு வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு வராது என்றது. பங்கு ஒரே நாளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் 80 டாலரைத் தாண்டி உச்சத்தில் நின்ற பங்கு அது. அன்று கனாட்டாவில் கிடைத்த செய்தியின் பொருள் எல்லோருக்கும் தெளிவு: போட்டியில் நம்மூர்க்காரர்கள் வென்றுவிட்டார்கள். அது உண்மையும்கூட. பொறியியலில் நார்டெல் வென்றது. லூசன்டை விற்று நார்டெல் வாங்கியவர் யாரும் முட்டாள் இல்லை. கண் முன்னே இருந்த சான்றைப் படித்து, அதன்படி நடந்தவர்கள்.

அந்த வசந்தத்தில் இன்னொன்று நடந்தது. பெல் கனடாவின் தாய் நிறுவனமான பிசிஇ தன்னிடம் இருந்த நார்டெல் பங்குகளில் பெரும்பகுதியை 2000 மே மாதம் தன் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளித்தது. ஏடி அண்ட் டி செய்ததேதான். கனடாவில் பெல் பங்கு என்பது கைம்பெண்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் நம்பி வைத்திருக்கும் சொத்து. அவர்களுடைய பாதுகாப்பான பணம், நாட்டிலேயே வேகமாக ஏறி இறங்கும் பங்காக ஓர் இரவில் மாறியது. எப்போது வாங்குவது என்று அவர்கள் முடிவெடுக்கவே இல்லை; அவர்களுக்காக முடிவு எடுக்கப்பட்டது. 2000 ஜூலை 26-இல் டொரன்டோ சந்தையில் நார்டெல் 124 டாலர் 50 காசைத் தொட்டது. டொரன்டோவின் 300 பங்குக் குறியீட்டின் மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரே நிறுவனம். அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றிய ஓய்வூதிய நிதிகளின் நிலையும் அதுதான். நார்டெல் பெயரை வாழ்நாளில் உச்சரித்திராத கனடியர்களும் நார்டெல் வைத்திருந்தார்கள்.

இப்போது, நான் அன்று பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

என் அப்பா விருதுநகரில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதியவர். வத்தல், மல்லி, எண்ணெய். வெளியூர்க் கடைக்காரர்கள் கடனுக்குச் சரக்கெடுத்துப் போவார்கள். லாரி கிளம்பியதும் ஏட்டில் விற்பனை ஏறிவிடும். ஆனால் ராத்திரி கடை சாத்துவதற்கு முன் முதலாளி கேட்பது விற்பனையைப் பற்றி இருக்காது. எந்த ஊர்ப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்பதைத்தான் கேட்பார். லூசன்டின் 1999 ஆண்டறிக்கையை நான் படித்தது அந்தக் கடைக் கண்ணோடுதான். 400 கோடி டாலருக்கு மேல் லாபம் என்று முன்பக்கம் சொல்கிறது. பின்னால் போய்ப் பார்த்தால், தொழிலிலிருந்து உள்ளே வந்த பணம் கழித்தல் குறியில் நிற்கிறது. விற்பனை வளர்ந்ததைவிட வசூலாகாத பாக்கி வேகமாக வளர்ந்திருக்கிறது. அதற்கும் பின்னால், பொடி எழுத்தில், வாடிக்கையாளர்களுக்குக் கடன் தருவதாக ஒப்புக்கொண்ட தொகைகள்.

யார் அந்த வாடிக்கையாளர்கள்? 1996-இல் அமெரிக்கா இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டம், உள்ளூர்த் தொலைபேசித் தொழிலை யாருக்கும் திறந்துவிட்டது. நூற்றுக்கணக்கான புதிய நிறுவனங்கள் முளைத்தன. வருமானம் கொஞ்சம், கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணம் கோடிக்கணக்கில். அந்தப் பணம் கருவி வாங்கப் போயிற்று. கடன் சந்தை தராததைக் கருவி விற்கும் நிறுவனமே தந்தது. நியூயார்க்கின் வின்ஸ்டார் என்ற நிறுவனத்துக்கு 200 கோடி டாலர் கடன் தர லூசன்ட் 1998-இல் ஒப்புக்கொண்டது. மாடிக்கு மாடி வானொலி அலை வழியே இணைப்புத் தருவது வின்ஸ்டாரின் தொழில். லூசன்ட் தன் பணத்தைக் கொடுத்துத் தன் கருவியை வாங்கச் சொல்லி, அதை விற்பனை என்று எழுதிக்கொண்டது. வாடிக்கையாளர்களுக்கு இப்படி ஒப்புக்கொண்ட கடன் ஒரு கட்டத்தில் 810 கோடி டாலருக்குப் போனது. நார்டெலும் கடன் கொடுத்தது, சிஸ்கோவும் கொடுத்தது. போட்டியாளர் தருகிறபோது நாம் தராவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது.

ஆக, இரண்டு கம்பெனிகளுக்கும் ஒரே வாடிக்கையாளர் கூட்டம். அந்தக் கூட்டம் நின்றது கடன் வாங்கிய பணத்தின் மேல். கடன் நின்றால் வென்றவர், தோற்றவர் இருவரும் சேர்ந்தே விழுவார்கள். "எது ஜெயிக்கும்" என்று கேட்டவர்களிடம் நான் திருப்பிக் கேட்டது, "வாங்குகிறவன் காசு எங்கிருந்து வருது?" என்பதுதான். பலருக்கு அந்தக் கேள்வி ருசிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து மேசைக்காரர் ஸ்டாக் ஆப்ஷனை விற்று வீட்டுக் கடனை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது.

வாடிக்கையாளர்கள் கடன் வாங்கத் துணிந்ததற்குப் பின்னால் ஓர் எண் இருந்தது. இணையப் போக்குவரத்து நூறு நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கிறது என்ற எண். தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம் தரப்பிலிருந்து கிளம்பிய அது, 1998-இல் அமெரிக்க வணிகத் துறையின் அறிக்கையிலேயே ஏறிவிட்டது. நூறு நாளில் இரட்டிப்பு என்றால் ஓராண்டில் பன்னிரண்டு மடங்கு. ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்த கணித அறிஞர் ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோவும் கெர்ரி காஃப்மனும் அதே 1998-இல் கிடைத்த தரவுகளைக் கூட்டிப் பார்த்து, ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் என்று எழுதினார்கள். இரண்டு மடங்குக்கும் பன்னிரண்டு மடங்குக்கும் இடையில் இருந்த தூரத்தில்தான் அத்தனை கேபிளும் புதைக்கப்பட்டது. அந்தக் கட்டுரை யாருக்கும் எட்டாத இரகசியம் இல்லை. படித்தவர் குறைவு, நம்பியவர் அதைவிடக் குறைவு. இந்த வரலாற்றில் ஒரு மனிதரை மட்டும் கொண்டாடச் சொன்னால் நான் ஓட்லிஸ்கோவைச் சொல்வேன்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஒரே இழையில் நாலு மடங்கு செய்தி போகும் என்றால், நாலு இழைக்கு வேண்டிய வேலை ஒன்றிலேயே முடிந்துவிடும். அலைநீளங்களும் கூடக் கூட, ஏற்கெனவே புதைத்த இழைகளே பல ஆண்டுகளுக்குப் போதும் என்றாயிற்று. நார்டெலை வெற்றியாளராக்கிய கருவிதான் நார்டெலின் அடுத்த ஆர்டரைத் தேவையற்றதாக்கியது. தொழில்நுட்பத்தில் முந்தியவனைப் பார்த்துப் பங்கு வாங்குகிறவர் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை, இன்றைக்கும் இல்லை.

விழுந்த கதை வேகமானது. 2000 அக்டோபரில் நார்டெலின் ஒளியிழைக் கருவி விற்பனை எதிர்பார்ப்பைத் தொடவில்லை. 25-ஆம் தேதி பங்கு கால்வாசி இறங்க, டொரன்டோ குறியீடு ஒரே நாளில் 840 புள்ளி சரிந்தது. அதே மாதம் லூசன்ட் தன் தலைவர் ரிச்சர்ட் மெக்கினை வெளியேற்றியது. நவம்பரில் 12.5 கோடி டாலர் விற்பனையைக் கணக்கிலிருந்து எடுக்கவேண்டியிருக்கிறது என்றார்கள். டிசம்பரில் அது 67.9 கோடி ஆயிற்று. அதில் பெரும்பகுதி, விநியோகஸ்தர்களின் கிடங்குக்குப் போய், கடைசி வாடிக்கையாளரைச் சேராமல் நின்ற சரக்கு. 2001 ஜனவரி 18-இல், ஆண்டு வளர்ச்சி 30 சதவீதம் இருக்கும் என்று நார்டெல் உறுதி சொன்னது. நாலே வாரத்தில், பிப்ரவரி 15-இல், அதில் பாதிதான் என்றது. பங்கு மறுநாள் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஏப்ரலில் வின்ஸ்டார் திவால். சிஸ்கோ, விற்க ஆளில்லாத 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட சரக்கைக் கணக்கிலிருந்து கழித்தது. ஜூன் 15-இல் நார்டெல் ஒரே காலாண்டுக்கு 1,920 கோடி டாலர் நஷ்டம் வரும் என்று அறிவித்தது. உச்சத்தில் பங்கைக் கொடுத்து வாங்கிப்போட்ட சிறு நிறுவனங்களின் மதிப்பு காற்றாய்ப் போனதுதான் அதில் பெரும்பகுதி. அவற்றில் ஒன்று க்ஸ்ராஸ். இன்னும் ஒரு கருவிகூட விற்றிராத அதற்கு 2000 மார்ச்சில் 325 கோடி டாலர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒட்டாவாவின் கார்லிங் சாலையில் இருந்த ஆய்வு வளாகத்தின் வண்டி நிறுத்தம் வாரத்துக்கு வாரம் காலியானதைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். உலகம் முழுவதும் 95,000 பேர் அளவுக்கு இருந்த ஊழியர் தொகை இரண்டே ஆண்டில் 35,000 அளவுக்கு வந்தது. கனாட்டாவில் தெருவுக்கு நாலு வீட்டின் முன் விற்பனைப் பலகை. சம்பளமும் போய், அந்தச் சம்பளத்தில் சேர்த்த பங்கும் போய், வீட்டு விலையும் இறங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். வேலை பார்க்கும் இடத்திலேயே சேமிப்பையும் வைக்கக்கூடாது என்று நான் இன்றும் பிடிவாதமாகச் சொல்வது அவர்களைப் பார்த்ததால்.

அட்லான்டிக்குக்கு அப்பாலும் இதே கதை நடந்தது. பிரிட்டனின் பழம்பெரும் ஜிஇசி தன் பாதுகாப்புத் தொழிலை விற்று, மார்கோனி என்று பெயர் மாற்றி, முழுக்கத் தொலைத்தொடர்புக் கருவிக்குள் இறங்கியது; 2003-இல் கடன்காரர்கள் நிறுவனத்தை எடுத்துக்கொண்டபோது பழைய பங்குதாரருக்கு மிஞ்சியது நூற்றில் அரைப் பங்கு. எரிக்சன் புதிய பங்கு விற்றுப் பணம் திரட்டிப் பிழைத்தது. இந்தியாவில் ஹிமாச்சல் ஃப்யூச்சரிஸ்டிக் என்ற கருவி நிறுவனத்தின் பங்கைப் பங்குத் தரகர் கேத்தன் பாரேக்கின் கூட்டம் வானளவு ஏற்றியதும், 2001 மார்ச்சில் அவர் கைதானதும் பலருக்கு நினைவிருக்கும். மாம்பலத்தில் இருந்த என் மைத்துனர் அப்போது தொலைபேசியில் கேட்டதும் இதே கேள்விதான்: "மாப்ளே, இந்த லைன்ல எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?"

இனி, பலரும் சொல்லாமல் விடும் மறுபாதி. 2002 இலையுதிர் காலத்தில் நார்டெல் டொரன்டோவில் 67 காசுக்கு விற்றது. லூசன்ட் நியூயார்க்கில் ஒரு டாலருக்குக் கீழே. வாடிக்கையாளர்களில் திவாலாக வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். குளோபல் கிராசிங் ஜனவரியில், வேர்ல்ட்காம் ஜூலையில். வராக்கடன்கள் கணக்கில் எழுதித் தள்ளப்பட்டுவிட்டன. மிச்சமிருந்த வாடிக்கையாளர்கள் சொந்தக் காசில் வாங்குகிற பழைய தொலைபேசி நிறுவனங்கள். பாக்கி ஏட்டைப் பார்க்கிறவனுக்கு அது நாலு ஆண்டில் முதல் தடவையாகச் சுத்தமான பக்கம். 2004 தொடக்கத்தில் நார்டெல் 10 டாலரைத் தாண்டியது, லூசன்ட் 4 டாலரைத் தாண்டியது. போட்டியில் தோற்ற லூசன்டும் பல மடங்கு கொடுத்தது. 2000-இல் வென்ற கம்பெனியை வாங்கியவர் இழந்தார். 2002-இல் எதை வாங்கியவரும் பெற்றார்.

ஆனால் வாங்கி மறந்துவிடலாம் என்ற தொழிலும் இது இல்லை. 2003-இல் நார்டெல் காட்டிய லாபம், முன்பு நஷ்டத்துக்கென ஒதுக்கிய தொகையை வருமானமாகத் திருப்பியதால் வந்தது என்று வெளிப்பட்டு, 2004 ஏப்ரலில் தலைவர் ஃபிராங்க் டன் நீக்கப்பட்டார். 2013-இல் டொரன்டோ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. நிறுவனத்துக்கு அதுவரை ஆயுள் இல்லை. 2009 ஜனவரி 14-இல் திவால் பாதுகாப்புக் கேட்டது. ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம் வெட்டுப்பட்டது. நோயால் வேலை இழந்து உதவித்தொகையில் வாழ்ந்தவர்களுக்கு 2010 முடிவோடு அதுவும் நின்றது. 2011-இல் காப்புரிமைகள் மட்டும் 450 கோடி டாலருக்கு ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் முதலான கூட்டணிக்குப் போயின. ஓசி-192 கண்டவர்களின் மூளைக்கு அவ்வளவு விலை இருந்தது. பங்குதாரர் கைக்கு அதில் ஒன்றும் வரவில்லை.

லூசன்ட் 2006-இல் அல்காட்டெலோடு சேர்ந்தது. இருவரையும் 2016-இல் நோக்கியா விழுங்கியது. கார்லிங் வளாகத்தில் இப்போது கனடாவின் பாதுகாப்புத் துறை இருக்கிறது. அன்று போட்டியில் பேச்சே இல்லாத ஹுவாவே இன்று இத்துறையின் மிகப் பெரிய நிறுவனம். அதன் பங்கு எந்தச் சந்தையிலும் கிடைக்காது, ஊழியர்களிடமே இருக்கிறது.

நார்டெலின் ஒளியிழைப் பிரிவு மட்டும் ஒட்டாவாவிலேயே நின்றது. 2010-இல் அதை வாங்கிய சியனா, அன்றைய போட்டியாளர்களில் சொந்தப் பெயரோடு இன்றும் நிற்கும் சிலரில் ஒன்று; செயற்கை நுண்ணறிவு மையங்களை இணைக்கும் கருவிகளால் 2025-இல் அதன் பங்கு பாய்ந்து ஏறி 200 டாலரைத் தாண்டியது. 2000 அக்டோபரில் சியனாவை உச்சத்தில் வாங்கியவர் கொடுத்தது பங்குக்கு 150 டாலர். 2006-இல் ஏழு பங்கை ஒன்றாகச் சுருக்கினார்கள். அதனால் அவர் கையில் மிஞ்சிய ஒவ்வொரு பங்குக்கும் அடக்கவிலை ஆயிரம் டாலருக்கு மேல். கடைசி வரை பிழைத்து, போட்டியில் வென்ற கம்பெனியைத்தான் அவர் வாங்கினார். 2025 முடிந்தபோதும் போட்ட முதலில் மூன்றில் ஒரு பங்குகூட அவருக்குத் திரும்பியிருக்கவில்லை.